ஸியே கொய்தாவை ஜெனீவாவுக்கு அனுப்ப இயலாமை குறித்து

பெருமதிப்புக்குரிய மச்சான், தட்டைப்பயறு தின்னும் குலத்தின் தலைமகன், ஜெனீவா மாநகரில் பஞ்சுக் கணக்குப் போடும் பிரேஹிமா கூலிபாலி அவர்கள் சமூகத்துக்கு, நியாங்காசோ கிராமத்திலிருந்து தங்கள் தங்கை கணவன் நாங்கு தெம்பேலே எழுதுவது.

அங்கே அமைதியாகத்தானே விடிந்தது? தங்கள் மனைவி அமைதியா? பிள்ளைகள் அமைதியா? அலுவலகம், அலுவலகத்து மேலதிகாரி, மேலதிகாரியின் வீட்டார், ஊர் நடுவில் இருப்பதாகத் தாங்கள் சொன்ன அந்த ஏரி, எல்லாம் அமைதிதானே? இங்கே நான் அமைதி. தங்கள் தங்கை காதியா அமைதி. பிள்ளைகள் அமைதி, சோளக் குதிர் அமைதி, கினிக்கோழிகளில் மிஞ்சியவை அமைதி. அமைதியைத் தவிர இங்கே வேறொன்றும் இல்லை. முறைப்படி சொல்ல வேண்டியதைச் சொல்லி, எங்கள் குலம் தங்கள் குலத்தை வழக்கமாகச் செய்யும் பயறுக் கேலியையும் செய்து முடித்துவிட்டேன். இனி நடந்ததைச் சொல்கிறேன்.

சென்ற வெள்ளிக்கிழமை தாங்கள் காதியாவைப் போனில் அழைத்துச் சொன்ன செய்தி கிடைத்தது. தங்கள் அலுவலகத்து ரெகுலா அம்மா பிப்ரவரியில் நம் ஊருக்கு வந்து பதிவு செய்துகொண்டு போன பேச்சுகளில், ஸியே கொய்தாவின் பேச்சு வழக்கறிஞர்களுக்கு மிகவும் பிடித்துப்போனதாகவும், பருத்தி மானிய வழக்கின் விசாரணை வாரத்தில் நாடுகளின் பிரதிநிதிகள் முன்னால் அவனே நேரில் நின்று பேசினால் நன்றாயிருக்கும் என்றும், விமானச் சீட்டு அவர்கள் செலவு, இரண்டு போட்டோ மட்டும் எடுத்து அனுப்பவும் என்றும் சொன்னீர்களாம். காதியா, "சரிண்ணே, அமைதிதாண்ணே" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். அன்று களி அடிப்பிடித்துவிட்டது. நான் மே மாதத்திலிருந்து தங்கள் அழைப்பை எடுப்பதில்லை. ஏன் எடுப்பதில்லை என்று கேட்கத்தான் தாங்கள் அத்தனை முறை அழைத்திருப்பீர்கள், நான் எடுக்காததால் அதையும் சொல்ல முடியவில்லை. ஆகவே இந்தக் கடிதம்.

ரெகுலா அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல பெண். வெண்டைக்காய்க் குழம்பை வழித்துச் சாப்பிட்டாள், எங்கள் கேள்விக்கெல்லாம் முகம் சுளிக்காமல் பதில் சொன்னாள். இலவமரத்தடியில் ஊர் முழுக்கக் கூடியிருந்தோம். அவள் பேசுவதை நம் மொழியில் சொல்லும் வேலையைப் பருத்தி விவசாயிகள் சங்கத் தலைவர் திஜானி தானாகவே எடுத்துக்கொண்டார். அவர் அபிஜானில் ஓட்டல் வாசலில் காவல் இருந்தபோது கற்ற பிரெஞ்சு அது. வாசலில் நிற்பவனுக்கு 'வருகிறார்', 'வருவார்' இரண்டும் போதும். 'வந்திருப்பார்' என்று யாரும் அவனிடம் பேசியிருக்க மாட்டார்கள்.

முதலில் அவள், இப்போது எப்படி உழுகிறீர்கள் என்று கேட்டாள். ஸியே எழுந்தான். என் பக்கத்து வயல்காரன், பள்ளிக்கூடத்தில் தங்களோடு ஒரே பலகையில் உட்கார்ந்த அதே ஸியே.

"ஜோடி மாட்டுல ஒண்ணு செத்துப்போச்சும்மா. விலை விழுந்துச்சா, மறு மாடு வாங்க முடியல. இந்தப் பக்கம் மாடு, அந்தப் பக்கம் கழுதை. மாடு ஒரு அடி வைக்கும், கழுதை யோசிக்கும். என் வயல்ல சால் பார்த்தீங்கன்னா, குடிச்சுட்டு வீட்டுக்குப் போன பாம்பு மாதிரி இருக்கும். அமெரிக்காக்காரன் வயலுக்கு அவன் சர்க்காரே காசு கொடுக்குதாமே? எனக்குக் காசு வேணாம். அவங்க ஊர்க் கழுதை ஒண்ணு கொடுங்க, அதாவது யோசிக்காம நடக்குதான்னு பாக்கலாம்."

எல்லாரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். பிறகு கணக்கைச் சொன்னாள். அந்த நாட்டு விவசாயிக்கு மானியம் வருவதால், விலை எவ்வளவு விழுந்தாலும் அவன் அசராமல் விதைக்கிறான். உலகச் சந்தையில் பஞ்சு குவிகிறது. நம் பஞ்சின் விலை படுத்துவிடுகிறது. அந்த மானியம் இல்லை என்று வைத்துக் கணக்குப் போட்டால் நமக்குக் கிலோவுக்கு இருபது பிராங்க் கூடுதலாகக் கிடைத்திருக்கும். இது அவள் சொன்னது என்று எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு எங்கள் காதில் விழுந்தது திஜானி சொன்னதுதான்.

"வருது! கிலோவுக்கு இருபது பிராங்க் வருது! ஜெனீவாவுல கணக்கெல்லாம் முடிஞ்சுபோச்சு. போட்டது யாருங்கிறீங்க? நம்ம பயறு தின்னி பிரேஹிமா!"

"எந்த வருசத்துக்கு?" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். திஜானி அவளைக் கேட்டார். அவள் ஏதோ நீளமாகச் சொன்னாள். "போன எல்லா வருசத்துக்கும்! மொத்தமா!"

மேளம் எடுத்துவிட்டார்கள் மச்சான். பெண்கள் ஆடினார்கள். ரெகுலா அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தங்கள் கணக்கை இவ்வளவு சந்தோஷமாக யாரும் கேட்டதே இல்லை என்று அவள் சொன்னதாகத் திஜானி மொழிபெயர்த்தார். அது ஒன்றுதான் சரியான மொழிபெயர்ப்பு என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு நடந்தவற்றை வரிசையாகச் சொல்ல எனக்கு மூச்சுப் போதாது. திஜானி சங்கத்துக் கிடங்குக்குத் தகரக் கூரை போடச் சொல்லி முன்கூட்டியே ஆளை அழைத்துவிட்டார், ஆள் வந்து பழைய வைக்கோல் கூரையைப் பிரித்துப் போட்டுவிட்டு மிச்சப் பணத்துக்குக் காத்திருந்தான், எழுபது வயது நாம்பே இரண்டாவது கல்யாணத்துக்குப் பெண் கேட்டுக் கோலாக் கொட்டை அனுப்பினார், அந்தப் பெண்ணின் அப்பா நாம்பேயைவிடச் சின்னவர், கோலாவை வாங்கிக்கொண்டு மாமா என்று கூப்பிடவும் ஆரம்பித்தார், ஊரில் அந்த மாதம் பிறந்த குழந்தைக்கெல்லாம் பிரேஹிமா என்று பெயர் வைத்தார்கள், அதில் ஒன்று பெண் குழந்தை, கிணற்றடியில் தங்கள் தங்கை குடத்தைத் தூக்கக் குனிவதற்குள் நாலு பேர் ஓடி வந்து தூக்கிவிட்டார்கள், அவளும் ராணி மாதிரி வெறுங்கையோடு நடந்து வந்தாள். ஸியே குட்டியாலா சந்தைக்குப் போய், மாட்டு வியாபாரி ஹமிது பாரியிடம் சிவப்புக் காளை ஒன்றைக் கடனுக்குப் பிடித்து வந்தான். முதல் மழைக்குள் பணம் தருவதாகப் பேச்சு. திஜானி பொறுப்பேற்றார். நானும் சரி என்றேன். ஊரே சரி என்றது. காளைக்கு ஜெனீவா என்று பெயர் வைத்தான்.

மே மாதம் தங்களை நான் அழைத்தது நினைவிருக்கும். சிக்னலுக்காகக் கரையான் புற்றின் மீது ஒற்றைக் காலில் நின்று, பணம் எப்போது வரும் என்று கேட்டேன். லைன் போய்விட்டது என்று புற்றில் இன்னும் ஏறினேன்.

"எந்தப் பணம் மச்சான்?" என்றீர்கள்.

"இருபது பிராங்க்."

"அது கணக்கு மச்சான். வழக்குல காட்டுறதுக்குப் போட்ட கணக்கு. எவ்வளவு கெட்டுப்போச்சுன்னு காட்டணும்ல? ஜெயிச்சாலும் அந்த மானியத்தை நிறுத்துன்னுதான் சொல்வாங்க. உங்க கைக்குக் காசா வராது."

இறங்கி வந்து ஊரில் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. நம்பாததோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. திஜானிதான் முதலில் சொன்னார்: "கணக்கு முடிஞ்சுபோச்சுன்னு அந்தம்மா இங்கயே சொல்லிட்டுப் போனாங்க. நான்தானே மொழிபெயர்த்தேன்? இப்ப இல்லேங்கிறது யாரு? மாமனும் மச்சானும்! பங்கு போட்டுட்டாங்க!"

அன்றிரவே என் கினிக்கோழிகள் குறைந்தன. அது போகட்டும். மறுநாள் காதியா கிணற்றுக்குப் போனாள். யாரும் அவளை விசாரிக்கவில்லை. ஒருவர் வீட்டுக் கழுதைவரை நலம் கேட்காமல் தண்ணீர்கூட இறைக்காத நம் ஊரில், அவள் ஒவ்வொருத்தியிடமும் போய் "அமைதியா? அமைதியா?" என்று கேட்டு, பதில் இல்லாமல், காலிக் குடத்தோடு வந்தாள். அன்றைக்குத்தான் தங்கள் அழைப்பை எடுப்பதில்லை என்று முடிவு செய்தேன். தங்கள் மீது தப்பில்லை என்று தெரியும். இருந்தாலும் யார் மீதாவது கோபப்பட வேண்டியிருந்தது, தாங்கள்தான் தூரத்தில் இருந்தீர்கள்.

எங்களோடு பேசுவதை நிறுத்தாதவன் ஸியே ஒருவன்தான். "பங்கு போட்டிருந்தா எனக்கும் ஒரு கால் பங்கு கொடுத்திருப்பியேடா நாங்கு," என்று சிரித்தான். ஜூனில் மழை பிடித்ததும் காளையைப் பூட்டினான். பாதி வயல் உழுதபோது ஹமிது பாரி வந்துவிட்டார். அவரும் என்ன செய்வார், அவர் காளை. நான் அன்று என் மேட்டு வயலில் இருந்தேன். ஊர் சொல்வதைத்தான் எழுதுகிறேன். ஸியே, உழுத சாலின் நடுவிலேயே காளையை அவிழ்த்து, கழுத்தைத் தட்டிக் கொடுத்து, கயிற்றை ஹமிதுவின் கையில் வைத்து, "ஜெனீவாவைப் பத்திரமாப் பாத்துக்குங்க, மனுசங்களைவிட நல்லது," என்று சிரித்தானாம். ஆண்மகன் என்று ஊர் இன்றும் பேசுகிறது.

உரத்துக்கு அவன் சங்கத்தில் வாங்கிய கடன் தலைக்கு மேல் நின்றது. ஒருவன் கட்டாவிட்டால் சங்கத்தில் எல்லார் பஞ்சிலும் பிடித்துக்கொள்வார்கள் என்பது தங்களுக்குத் தெரியும். யாரும் அவனைத் திட்டவில்லை, ஆனால் அவன் வந்தால் தேநீர் ஊற்றும் கை கொஞ்சம் தாமதமாயிற்று. சால் கிழித்த வரைக்கும் சோளத்தை விதைத்துவிட்டு, மேற்கே தங்கக் குழிக்குக் கிளம்பிப் போனான். மழைக்காலத்தில் அங்கே யாரும் இறங்கக் கூடாது. இறங்குபவர்களுக்குக் கூலி கூடுதல்.

ஆகஸ்டில் லசினா வந்தான். அவனும் நம் ஊர்ப் பையன், அதே குழியில் வேலை. ஸியேயின் மனைவி கொரோத்திமி முற்றத்தில் சோளம் குத்திக்கொண்டிருந்தாள். நானும் அங்கே இருந்தேன்.

"அங்க அமைதியா?" என்றாள் அவள்.

"அமைதிதான்."

"வேலை அமைதியா? ஆளுங்க அமைதியா?"

"அமைதிதான்."

"என் வீட்டுக்காரர்?"

"அமைதிதாங்க்கா."

தண்ணீர் கொடுத்தாள். முழுக்கக் குடித்தான். சுரைக்குடுக்கையைக் கீழே வைத்தான். அதன் பிறகுதான் சொன்னான், மண் சரிந்தது என்று. தோண்டிப் பார்த்தார்களாம். இன்னும் சரியும்போலிருந்ததால் நிறுத்திவிட்டார்களாம். அங்கேயே விட்டுவிட்டார்கள், மச்சான். கொரோத்திமி உலக்கையை விடவில்லை. குத்தி முடிக்கும்வரை குத்தினாள்.

ஆகவே, தாங்கள் கேட்டுக்கொண்டபடி ஸியே கொய்தாவை ஜெனீவாவுக்கு அனுப்ப இயலவில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். போட்டோவும் இல்லை. வேறு யாரையும் அனுப்பும் எண்ணமும் இல்லை. இனி எங்களைப் பற்றிக் கணக்குப் போட வேண்டாம், கணக்குப் போடும் நல்லவர்களை அனுப்பவும் வேண்டாம். எந்தக் கணக்கிலும் எங்கள் ஊரின் பெயர் இருந்தால் அடித்துவிடுங்கள். காதியாவையும் போனை எடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

நம் எல்லாருடைய இரவும் அமைதியாகக் கழிய ஆண்டவன் அருள்வானாக. வருகிற மழை போன மழையைவிட நல்ல மழையாகட்டும். தங்கள் பிள்ளைகள் தங்களைவிட உயரமாக வளரட்டும். பயறு தின்றாலும் தங்கள் குலத்துக்கு வயிற்று வலி வராதிருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் பேச்சை இனிக் கேட்காத,
நாங்கு தெம்பேலே

பின்குறிப்பு: மேலே எழுதியதைக் கிழித்துவிடவும். கடிதத்தை மடிக்கும்போது கொரோத்திமி வந்தாள். ஸியேயைப் பற்றித்தானே, படி என்றாள். முழுக்கப் படித்துக் காட்டினேன்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா இது நடக்கல," என்றாள்.

"எது?"

"அவரா அவிழ்த்தாரு? அவரு வரப்புல உக்காந்து துண்டால மூஞ்சிய மூடிக்கிட்டாரு. காளைய அவிழ்த்தது நான். ஹமிதுகிட்டச் சிரிச்சுப் பேசுனதும் நான். ஆம்பளைக்கு அசிங்கம்னு ஊரு மாத்திச் சொல்லுது, நானும் விட்டுட்டேன். இத்தனை வருசமாக் கழுதையப் பிடிச்சுக்கிட்டு முன்னால நடந்தது யாரு? குடிச்ச பாம்புன்னு சொன்னது யாரு? சாயங்காலமானா நான் திட்டுறதை அவரு கேட்டு வச்சிருந்து, அந்தம்மா முன்னால எடுத்து விட்டாரு. நான் பின்னால நின்னு சிரிச்சேன்."

பேனாவைத் திரும்ப எடுத்தேன். அவளே சொன்னாள்: "வக்கீலுங்களுக்குப் பிடிச்சது என் பேச்சுதானே? நான் போறேன்."

போட்டோ இத்துடன் உள்ளது. காதியா இரவல் கொடுத்த துணியைத்தான் தலையில் கட்டியிருக்கிறாள். ஊர்ப் பெண்கள் சேர்ந்து புதுத் துணி எடுத்துக்கொடுக்கப் போகிறார்கள், கிணற்றடியில் காதியாவையும் கூப்பிட்டுப் பங்கு கேட்டார்கள். திஜானி மொழிபெயர்ப்பாளராக உடன் வருவதாகச் சொல்லிக் கோட்டுத் தைக்கக் கொடுத்துவிட்டார். அவரைத் தடுக்க வேண்டியது தங்கள் பொறுப்பு. கொரோத்திமியின் நிபந்தனை ஒன்றே ஒன்று. மானியம் இல்லாதிருந்தால் உன் வீட்டுக்காரன் இருந்திருப்பானா என்று அங்கே யாரும் அவளைக் கேட்கக் கூடாதாம். அதைத் தவிர எதை வேண்டுமானாலும் கேட்கட்டும் என்கிறாள்.

போன் செய்யுங்கள். எடுக்கிறேன்.