ஸ்டெல்லா அக்கா வீட்டு அரை எச்.பி. மோட்டார்

ஒரு தொழிலில் இருபது வருஷம் இருந்தவனை நம்பலாம். நேற்றுச் சேர்ந்தவனைக்கூட நம்பலாம், தெரியாது என்று ஒத்துக்கொள்வான். ஐந்து வருஷம் இருந்தவனை மட்டும் நம்பவே கூடாது. எனக்கு அப்போது சரியாக ஐந்து வருஷம் ஆகியிருந்தது.

தொண்ணூறுகளின் கடைசி. மதுரையில் ஒரு பம்புசெட் கடையில் சேல்ஸ்மேனாக இருந்தேன். ரிப்பேருக்கு வரும் மோட்டாரை ஓடவிட்டு, கண்ணை மூடி, காதைச் சாய்த்து, "ஒன்றரை எச்.பி. பேரிங் தேஞ்சிருக்கு" என்பேன். பெரும்பாலும் சரியாக இருக்கும். (எச்.பி.யை மோட்டார் மேலேயே தகட்டில் அடித்திருப்பார்கள். கண்ணை மூடுவதற்கு முன்னால் பார்த்துக்கொள்வேன்.) ஒருநாள் முதலாளி ஒரு கஸ்டமரிடம், "இவன் காது காது இல்லண்ணே, மீட்டரு" என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தைதான் என்னைக் கெடுத்தது.

நான் பிறந்து வளர்ந்தது விளக்குத்தூண் பக்கம், ஒரு பாத்திரப் பட்டறைக்குப் பின்வீடு. காலையிலிருந்து பொழுது சாயும்வரை 'டங்கு டங்கு' என்று அடிப்பார்கள். அமைதி என்று ஒன்று இருப்பதே கல்யாணம் முடிந்து ஒத்தக்கடைக்குக் குடிபோன பிறகுதான் எனக்குத் தெரியும். அங்கே எங்கள் தெருவில் அப்போது பதினொரு வீடு. மிச்சமெல்லாம் கல் நட்ட பிளாட்டும் கருவேலமும்தான்.

புது வீட்டில் முதல் நாள் விடியற்காலை கண் விழித்துப் படுத்திருக்கிறேன். ஒரு சத்தமும் இல்லை. அந்தச் சத்தமின்மைக்குள்ளிருந்து மெதுவாக ஒன்று வந்தது. புஸ்... புஸ்... புஸ்... புஸ்... இடது காதுப் பக்கம். இடது பக்கம் என்றால் பக்கத்து வீடு, ஸ்டெல்லா அக்கா வீடு.

ஸ்டெல்லா அக்கா ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கணவர் வெளியூரில் வேலை, மாதம் ஒருமுறை வருவார். என் மனைவி மகேஸ்வரிக்கு அந்தத் தெருவில் பேச இருந்த ஒரே ஆள் அவர்தான். மகேஸ்வரி பரவையில் பதினாலு பேர் இருந்த வீட்டில் பிறந்தவள். நான் காலையில் பஸ் ஏறினால் இருட்டித்தான் திரும்புவேன். குடிவந்த முதல் வாரம் அடுப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தவளை, காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "ஏம்மா, ரசத்துக்கு மிளகு இருக்கா?" என்று கேட்டுப் பேச்சுக்கு இழுத்தவர் ஸ்டெல்லா அக்கா. (அவர் வீட்டில் மிளகு இருந்தது என்பது பிற்பாடு தெரிந்தது.)

இப்போது தண்ணீருக்கு வருவோம். பஞ்சாயத்துக் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் காலை ஆறு மணிக்குத் தண்ணீர் விடுவார்கள். ஸ்டெல்லா அக்கா வீட்டில் அது கொட்டும். எங்கள் வீட்டில் சொட்டும். குழாயில் நேரடியாக மோட்டார் மாட்டி உறிஞ்சினால் இணைப்பைத் துண்டித்துவிடுவோம் என்று பஞ்சாயத்தில் ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. பக்கத்து வீட்டில் தண்ணீர் கொட்டுகிறது, பக்கத்து வீட்டிலிருந்து புஸ் புஸ் என்று சத்தம் வருகிறது. மீட்டர் காதுக்காரன் வேறு என்ன நினைப்பான்?

நல்ல மோட்டார் 'உய்ங்' என்று ஒரே சீராக ஓடும். இது விட்டு விட்டு இழுத்தது. இரண்டு நாள் கேட்டுவிட்டு முடிவுக்கு வந்தேன்: அரை எச்.பி., பழசு, பேரிங் போயிருக்கிறது, நடுநடுவே காற்றை இழுத்து அடைத்துக்கொள்கிறது, எங்கள் பாஷையில் ஏர்லாக். என் திறமையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

ஆனாலும் அவசரப்படவில்லை. முறையாக ஆராய்ந்தேன். ஒரு நோட்டுப் போட்டேன். எவர்சில்வர் டம்ளரின் வாயைக் காம்பவுண்டுச் சுவரில் வைத்து, அடியில் காதை அழுத்திக் கேட்டேன். சத்தம் இரண்டு மடங்காகக் கேட்டது, உடனே எழுதிக்கொண்டேன். மெத்தையில் சுவர்ப் பக்கம் காதை வைத்துப் படுத்தால் அதிகம் என்று எழுதினேன். தண்ணீர் வராத நாளிலும் ஓடுகிறது, பைப்பில் கிடக்கும் மிச்சத்தையும் விடுவதில்லை என்று எழுதினேன். கடைக்குப் போனால் கேட்கவில்லை, அதற்குத் தூரம் காரணம் என்று எழுதினேன்.

என்னை அசரவைத்தது அதன் வேகம்தான். நான் உட்கார்ந்திருக்கும்போது மெதுவாக ஓடும். கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று எழுந்து பூனை நடை நடந்து சுவரை நெருங்கினால் வேகம் கூடும். எட்டிப் பார்க்கச் செங்கல் மேல் ஏறினால் இன்னும் கூடும். மொட்டை மாடிக்கு ஓடினேன் என்றால் தலைதெறிக்க ஓடும். நான் வருவது எப்படியோ அந்தப் பக்கம் தெரிகிறது, பிடிபடுவதற்குள் இழுத்துவிடலாம் என்று ஸ்பீடைக் கூட்டுகிறார்கள் என்று நினைத்தேன். அரை எச்.பி. மோட்டாருக்கு ஸ்பீடு கூட்ட ஏது வழி என்று ஒரு பம்புசெட் கடைக்காரனுக்குத் தோன்றியிருக்க வேண்டுமா இல்லையா? தோன்றவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகேஸ்வரியோடு அழகர்கோவில் போயிருந்தேன். மலையேறி இறங்கிய களைப்பில் ஒரு மரத்தடியில் சாய்ந்தால், அங்கேயும் புஸ் புஸ். எழுந்து நாலு பக்கமும் தேடினேன். குரங்குதான் இருந்தது. "மலைத் தண்ணியவும் மோட்டார் போட்டு இழுக்க ஆரம்பிச்சுட்டாய்ங்க பாரு" என்றேன். மகேஸ்வரி என்னையும் குரங்கையும் மாறி மாறிப் பார்த்தாள்.

வீடு வந்ததும் நோட்டைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். அவள் நோட்டை வாங்கவே இல்லை.

"ஏங்க, எனக்கு ஒண்ணும் கேக்கல. அந்த அக்கா அப்படிப்பட்டவுகளும் இல்ல. குழாயைக் குழிக்குள்ள இறக்கச் சொன்னாங்கள்ல, அதைச் செஞ்சு பாருங்க மொதல்ல" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அவுக முகத்துல நான் முழிக்க முடியாம பண்ணிறாதீங்க. எனக்கு இங்க வேற ஆரு இருக்கா?" என்றாள்.

குழி விஷயம் என்னவென்றால், பஞ்சாயத்துத் தண்ணீருக்கு மேலே ஏற வேகம் போதாது, அதனால் தெருவில் எல்லோரும் இரண்டடிக் குழி தோண்டி அதற்குள்தான் குழாயை வைத்திருந்தார்கள். நான் மட்டும் மகேஸ்வரி குனிந்து சிரமப்படக் கூடாது என்று இடுப்பு உயரத்தில் பளபளவென்று பித்தளைக் குழாய் மாட்டியிருந்தேன். இறக்கிவையுங்கள் என்று ஸ்டெல்லா அக்கா சொல்லியனுப்பியபோது, "அவங்க ஊசி போடட்டும், பைப்பை நான் பாத்துக்கிறேன்" என்று சொன்ன மகானும் நான்தான்.

மகேஸ்வரி சொன்னதற்காகக் கொஞ்சம் இறங்கிவந்தேன். அதாவது, நேரடியாகப் புகார் கொடுக்கவில்லை. மொட்டைக் கடிதாசி போட்டேன். இடது கையால் எழுதி, 'இப்படிக்கு, பாதிக்கப்பட்ட பொதுமக்கள்' என்று முடித்து, கடைக்குப் போகிற வழியில் தபால்பெட்டியில் போட்டேன். யார் எழுதியது என்று கடவுளுக்கே தெரியாது என்று நினைத்தேன்.

அடுத்த தண்ணீர் நாளன்று காலை ஆறு மணிக்குப் பஞ்சாயத்து கிளர்க்கும், தண்ணீர் திறந்துவிடும் கருப்பையா அண்ணனும் வந்து ஸ்டெல்லா அக்கா வீட்டு முன்னால் நின்றார்கள். டியூட்டிக்குக் கிளம்பி வெள்ளை யூனிபார்மோடு வந்த அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த தெரு மொத்தமும் குடத்தோடு கூடிவிட்டது. கிளர்க் தொண்டையைச் செருமிக்கொண்டு கடிதாசியை உரக்க வாசித்தார்.

"மேற்படியார் தன் வீட்டில் அரை எச்.பி. மோனோபிளாக் மோட்டார் பொருத்தி, பேரிங் பழுதான நிலையில், ஏர்லாக் ஏற்பட ஏற்பட, குடிநீரைத் திருடி வருகிறார்..."

அவர் முடிக்கவில்லை. பத்து வீட்டுச் சனமும் திரும்பி என்னைப் பார்த்தது. அந்தத் தெருவில் ஏர்லாக் என்ற வார்த்தை தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். மகேஸ்வரி குடத்தைக் கீழே வைத்தாள்.

கருப்பையா அண்ணன் உள்ளே போய்த் தேடினார். குழி இருந்தது, குழாய் இருந்தது, குழாய்க்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் வாளி இருந்தது. மோட்டார் இல்லை. அத்தோடு நான் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? மண்ணுக்குள் புதைத்திருப்பார்கள், மெயினை அணைத்துப் பாருங்கள் என்றேன். அணைத்தார்கள். எனக்கு அப்போதும் கேட்டது. கேட்டது என்ன, எக்ஸ்பிரஸ் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையேப்பா" என்றார் கருப்பையா அண்ணன். நான் வீட்டுக்குள் ஓடி டம்ளரை எடுத்து வந்தேன். அக்கா வீட்டுச் சுவரில் வைத்துக் கேட்டு, ஓடுகிறது என்று எல்லோருக்கும் அறிவித்தேன்.

அதுவரை என்னையே பார்த்துக்கொண்டிருந்த ஸ்டெல்லா அக்கா கிட்டே வந்தார்.

"தம்பி, அதை அந்த வேப்ப மரத்துல வச்சுக் கேளுங்க."

வைத்தேன். கேட்டது. கேட்கிறது என்றேன். என் குரலில் இருந்த கம்பீரம் கொஞ்சம் குறைந்திருந்தது.

"இப்ப கருப்பையா அண்ணன் முதுகுல வச்சுக் கேளுங்க."

கருப்பையா அண்ணன் பாவம், திரும்பி நின்றார். டம்ளரை அவர் முதுகில் வைத்துக் காதைக் கொடுத்தேன். அங்கேயும் அரை எச்.பி. ஓடிக்கொண்டிருந்தது.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். இன்னொரு கையால் யூனிபார்மில் குத்தியிருந்த கடிகாரத்தைத் திருப்பிக்கொண்டார். "சத்தம் கேக்கக் கேக்க வாயால சொல்லுங்க" என்றார். தெருவே பார்க்க நான், "புஸ்... புஸ்... புஸ்..." என்று சொல்லிக்கொண்டு நின்றேன். (இருபத்தொன்பது வயசு. மீசை வேறு வைத்திருந்தேன்.) ஒவ்வொரு புஸ்ஸுக்கும் அவர் தலை ஒருமுறை அசைந்தது.

"இது உங்க நாடி. உங்க ரத்தம் ஓடுற சத்தம் உங்க காதுக்கே கேக்குது" என்றார்.

"அப்ப பேரிங் போச்சுன்னு எழுதினது?" என்று கருப்பையா அண்ணன் சந்தேகம் கேட்டார். தெரு வெடித்துச் சிரித்தது. ஸ்டெல்லா அக்கா மட்டும் சிரிக்கவில்லை. என் கையை விட்டார்.

"எங்கிட்ட வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல தம்பி. நானே கதவைத் திறந்து காட்டியிருப்பேன். திருடின்னு எழுதணுமா?"

பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்துவிட்டார். எனக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது. மகேஸ்வரி எனக்குச் சோறு போட்டாள், பேசவில்லை. காம்பவுண்டுச் சுவரிலும் பேச்சு நின்றது. சாயங்காலம் அக்கா வருகிற நேரத்தில் இவள் சுவரோரம் போய் நிற்பதையும், அந்தப் பக்கம் கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும் திரும்பி வருவதையும் ஞாயிற்றுக்கிழமை நானே பார்த்தேன். மோட்டார் சத்தத்தைவிட அந்தக் கதவுச் சத்தம்தான் என்னை அறுத்தது.

மறுநாள் கடைக்கு லீவு போட்டுவிட்டு, கடப்பாரையை எடுத்து இரண்டடிக்குக் குழி தோண்டிப் பித்தளைக் குழாயை இறக்கினேன். செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்குத் தண்ணீர் கொட்டியது பாருங்கள், குடத்தை நகர்த்த நேரமில்லை. முதல் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு போய் ஸ்டெல்லா அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன். தண்ணீர் நிறைய வருகிற வீட்டுக்கே தண்ணீர் கொண்டுபோன ஆள் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தன்தான். "குழிக்குள்ள இறக்கிட்டேன்க்கா. தப்பு என்னோடதுதான். மன்னிச்சிருங்க" என்றேன். தோளில் குடத்தோடு மூச்சு வாங்கியது.

அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"அந்தச் சத்தம் இன்னும் கேக்குதா?"

"கேக்குதுக்கா. இப்ப ரொம்ப."

"குடத்தை இறக்கிட்டு உள்ள வாங்க" என்றார். கொஞ்சம் உட்காரவைத்து, கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்தார். அவர் முகம் மாறியது. மறுபடி பார்த்தார். சுவரைப் பார்த்து, "மகேசு, இங்க வா" என்று கூப்பிட்டார். எட்டு நாளைக்குப் பிறகு வந்த கூப்பாடு அது. அவள் அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடிவந்தாள்.

அன்றைக்கே அக்கா தன்னோடு பஸ்ஸில் என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். காது டாக்டர் பலதையும் சோதித்தார். காதுக்குப் பக்கத்தில் ரத்தக்குழாய் ஓடுகிறது, எல்லோருக்கும்தான் ஓடுகிறது, சிலருக்கு அது கேட்கும் என்றார். பயப்படும்படி எதுவும் இல்லை, ஆனால் இந்த வயசுக்கு இந்தப் பிரஷர் ஆகாது என்று மாத்திரை எழுதினார். கருவாடும் ஊறுகாயும் அன்றோடு போயின. டம்ளரில் ஏன் அதிகமாகக் கேட்டது என்று கேட்டேன். காதை எதை வைத்து அடைத்தாலும் உள்சத்தம் பெரிதாகத்தான் கேட்கும் என்றார். நோட்டை எடுத்துப் போயிருந்தேன், அதையும் எழுதிக்கொண்டேன்.

மாத்திரைக்குச் சத்தம் குறைந்தது, நிற்கவில்லை. இன்றைக்கும் அமைதியாக உட்கார்ந்தால் வந்துவிடும். முதல் இரண்டு வருஷம் அதோடு சண்டை போட்டேன். பிறகு பக்கத்தில் ரேடியோவைச் சின்னதாக வைத்துக்கொண்டு தூங்கப் பழகினேன். இப்போதெல்லாம் மாடிப்படி ஏறினால் எவ்வளவு கூடுகிறது, உட்கார்ந்தால் எத்தனை நிமிஷத்தில் இறங்குகிறது என்று வேடிக்கை பார்ப்பேன். கடையில் மட்டும் மோட்டாருக்குக் காதைச் சாய்ப்பதை விட்டுவிட்டேன். தகட்டைக் கண்ணைத் திறந்துகொண்டே வாசிக்கிறேன்.

தெருவில் எனக்கு 'அரை எச்.பி.' என்று பெயர் வந்து, எங்கள் வீட்டுக்கு வழி கேட்பவர்களுக்கும் அப்படியே சொல்லுகிற அளவுக்கு நிலைத்துவிட்டது. நான் கொஞ்சம் கோபப்பட்டால் மகேஸ்வரி, "மோட்டார் ஸ்பீடு கூடுது, காத்தை இழுக்கப்போகுது" என்பாள். பள்ளிக்கூடத்தில் அப்பா என்ன வேலை என்று கேட்டதற்கு என் மகள், "மோட்டார் கடை. அப்பாகிட்டயே ஒண்ணு இருக்கு, பேரிங் போனது" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

ஸ்டெல்லா அக்கா ரிட்டையர் ஆகிக் கணவரோடு நாகர்கோவில் பக்கம் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மகேஸ்வரிக்குப் போன் வரும். ஒரு மணி நேரம் பேசிவிட்டுக் கடைசியில் என்னைக் கூப்பிடச் சொல்வார். நலமா என்று கேட்கமாட்டார்.

"தம்பி, மோட்டார் ஓடுதா?"

போனை வலது காதுக்கு மாற்றிக்கொண்டு, இடது காதை விரலால் அடைத்து, ஒரு நிமிஷம் கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்வேன்.

"ஓடுதுக்கா."