தீவரசி தும்மலடக்கிய படலம்

வாழ்க அம்மூக்கு. செம்பருத்தியும் நாணும்படிச் சிவந்ததும், விடிந்ததுமுதல் கைக்குட்டைகள் பல கண்டதும், ஒரு நாட்டின் மானத்தைத் தன் இரு துளைகளுக்குள் பூட்டிக் காத்ததுமாகிய அம்மூக்கு வாழ்க. அம்மூக்கின் உடைமைக்காரியும், பதினோராம் வகுப்புக் கடைசி பெஞ்சின் நிரந்தரக் குடிமகளும், தோழியரால் 'குட்டித்தீவு' என விளிக்கப்படுபவளுமாகிய வீராங்கனையும் உடன் வாழ்க.

பள்ளி நூலகத்து மேசைகளை வட்டமாக இழுத்துப் போட்டுச் சமைத்த உலகப் பேரவையில், மாணவர் ஒவ்வொருவரும் ஒரு நாடாகி, உலகெங்கும் பரவியதாக வைத்துக்கொண்ட ஒரு கொள்ளைக் காய்ச்சலை அடக்க வழக்காடிக்கொண்டிருந்தனர். களிறனைய நாடுகளெல்லாம் வாயாடிகளுக்கே போய்ச் சேர, நம் வீராங்கனைக்கு மட்டும் ஆண்டுதோறும், வரைபடத்தில் ஓர் ஈ உட்கார்ந்தால் மறைந்துபோகும் தீவே வாய்த்தது. சென்ற ஆண்டு அவள் அவையில் முழங்கிய ஒரே உரை, "ஃபேனைக் கொஞ்சம் குறைக்கலாமா?" என்பது. அதுவும் ஏற்கப்படவில்லை.

இம்முறையோ அவள் கையில் ஒரு தீர்மானம் இருந்தது. 'இருமலோ தும்மலோ உடையார் எந்நாட்டவராயினும் அக்கணமே தனித்திருத்தல் வேண்டும். தனித்திருப்பாரின் உணவுக்குப் பெருநாடுகளே பொறுப்பு.' அதை எழுதியவளுக்கே அன்று காலை சளி பிடித்தது என்றால், விதிக்கும் கொஞ்சம் குறும்பு உண்டு என்றே கொள்ள வேண்டும்.

"மூக்கு ஒழுகுது. பேசாம லீவு போடுடி," என்றாள் அம்மா.

"நான் போகலேன்னா ஒரு நாடே இல்லாமப் போயிடும்மா."

"போனாப் போகட்டும். ஸ்வெட்டராவது போட்டுக்கோ."

கம்பளிக் கவசம் பூண்டு களம் புகுந்தவளை வாயிலிலேயே எதிர்கொண்டது நூலகர் அம்மையாரின் ஆணை: சளி பிடித்தவர் எவரும் அவையில் இருக்கலாகாது, தும்மல் கேட்டால் வெளியே. ஆகவே ஒரு தும்மல், ஒரே ஒரு தும்மல், அவள் வாக்கையும் தீர்மானத்தையும் ஒருசேர வாரிக்கொண்டு போய்விடும் என்பதை அறிந்து, நாக்கை அண்ணத்தில் முட்டுக்கொடுத்து, மேல் உதட்டை விரலால் அழுத்தி, கோட்டைக்குள் அடைபட்ட வேந்தன்போல் அவள் அமர்ந்தாள்.

எதிரே, தந்தையின் கோட்டுக்குள் பாதி மறைந்தவனாய், கைவிரல் தெரியாத் தடக்கையனாய் எழுந்தான் 'வல்லரசு'. தனிமைப்படுத்துவது வணிகத்தின் கழுத்தை நெரிப்பது, மானுட சுதந்திரத்தின் முதுகில் குத்துவது என்று அவன் இடிபோல் இடித்த குரல் என்னவோ சற்றுக் கரகரத்தே ஒலித்தது. அதைக் கவனிக்கும் நிலையில் நம் வீராங்கனை இல்லை. அவள் நாசிக்குள் அப்போது குதிரைப்படை ஒன்று மணலைக் கிளப்பிக்கொண்டு வந்துகொண்டிருந்தது.

வாக்கெடுப்பு தொடங்கிற்று. தச்சுப் பட்டறையில் இரவல் வாங்கிய சுத்தியலை உயர்த்திப் பிடித்து, பன்னிரண்டாம் வகுப்பு அக்காவாகிய அவைத்தலைவி நாடுகளை அகரவரிசையில் அழைத்தாள். 'ஆதரவு' என்றது ஒரு நாடு. 'எதிர்ப்பு' என்றது வல்லரசு. ஒரு நாடு உறங்கி, எழுப்பப்பட்டு, பக்கத்து நாட்டைக் கேட்டு வாக்களித்தது. இரு தரப்பும் சரிசமமாய் நிற்க, வரிசையின் கடைசியில் எஞ்சியது தீவு. அந்தோ, வாக்கைச் சொல்ல வாயைத் திறக்க வேண்டுமே. திறந்தால் படை வெளியேறுமே. கண்ணில் நீர் முட்ட, நரம்பு புடைக்க, ஒழுகும் மூக்கை ஸ்வெட்டர்க் கழுத்துக்குள் புதைத்துத் துடைத்துக்கொண்டு அவள் எழுந்தாள்.

"ஆதரவு."

சுத்தியல் விழுந்தது. தீர்மானம் நிறைவேறியது. கரவொலி எழுந்தது. அக்கரவொலியில் தும்மியிருந்தால் யாரும் அறிந்திருக்க மாட்டார்கள். ஆயினும் அவைநெறி ஊறிப்போன அந்தப் பேதை, தன் நாட்டின் பெயரட்டையை வானுற உயர்த்திப் பிரகடனம் செய்தாள்:

"எம் நாடு தும்ம அனுமதி கோருகிறது."

அவை முழுதும் திரும்பிப் பார்த்தது. அவைத்தலைவியின் வாயோ பழக்கதோஷத்தில் தானே கேட்டது: "வழிமொழிபவர் உண்டா?"

கோட்டு மெல்ல எழுந்தது. கண்ணிரண்டும் கலங்கி, கீழுதடு நடுங்க, நாளெல்லாம் சுதந்திரம் பேசிய வல்லரசு கை உயர்த்தினான்.

"வழிமொழிகிறோம். எம் நாடும்..."

முடிக்கவில்லை. இரு முரசங்கள் ஒரே நேரத்தில் அறையப்பட்டதுபோல், இரு கடல்கள் ஒரே கரையில் மோதியதுபோல், அலமாரி நூல்கள் அதிர, பெயரட்டைகள் சாய, இருவரும் தும்மினர். அவள் தீர்மானத்தின்படி, அது நிறைவேறிய கணத்திலேயே, அவ்விருவரும் முதன்முதலாகத் தனிமைப்படுத்தப்பட்டு, நூலக வராந்தாவின் நாற்காலி வரிசையில் ஆளுக்கொரு கோடியாய் அமர்த்தப்பட்டனர்.

"உனக்கு எப்பலேர்ந்து?" என்றாள் அவள்.

"நேத்துலேர்ந்து. அதான் எதிர்த்தேன்."

"வணிகம், சுதந்திரம்னு அந்தக் கத்து கத்தினியே?"

"பின்ன, சளின்னா சொல்ல முடியும்?"

அவள் சிரிக்கப் போய் இருமினாள். அவன் பையைத் துழாவி டிபன் பாக்ஸை எடுத்தான்.

"சாப்பாடு எங்க பொறுப்புன்னு எழுதியிருக்கியே. இந்தா."

பாதியை மூடியில் எடுத்து வைத்து, நடு நாற்காலியில் விட்டுவிட்டுத் தன் எல்லைக்குத் திரும்பினான். உலக வரலாற்றில் முதன்முறையாக ஒரு குட்டித்தீவு, ஒரு வல்லரசின் உணவை, வல்லரசே கொண்டுவந்து வைக்க, தலைநிமிர்ந்து ஏற்றுக்கொண்டது.

இரண்டு பேருக்கும் மூக்கு அடைத்திருந்ததால் ருசி ஒன்றும் தெரியவில்லை.