லாசரு அதிகாரத்தில் ஒரு பேய்

எனக்குப் பேய்ப் பயம் உண்டு. சர்ச் பாடகர் குழுவில் பத்து வருடம் பாடியவன் இதை வெளியில் சொல்லக்கூடாதுதான்.

துபாய் கராமாவில் ஆறு பேர் தங்கும் ரூமில் இருந்தபடி, ஒலிப்பதிவுகளில் இரைச்சல் நீக்கும் வேலை பார்த்துவந்தேன். (ஊரில் அம்மா 'சவுண்ட் இன்ஜினியர்' என்று பரப்பியிருந்தாள்.) மெக்சிகோவிலிருந்து ஒரு வேலை வந்தது. அங்கே மலைக்கிராமம் ஒன்றில் சில முதியவர்கள் மட்டுமே பேசும் நாவாட்ல் வட்டார வழக்கில் பைபிளை மொழிபெயர்க்கிறார்கள். எனக்கு வந்தது, செத்துப்போன லாசரு கல்லறையை விட்டு எழுந்து வரும் அதிகாரம். கூடவே வந்த கடிதத்தை நான் படிக்கவில்லை. இன்ஜினியர் அல்லவா!

வெள்ளிக்கிழமை மத்தியானம். ஹெட்போனில் ஓர் ஆண்குரல் நிதானமாக வாசித்தது. ஒவ்வொரு வசனமும் முடிந்ததும் பின்னால் ஒரு பெண் கிசுகிசுத்தாள். பெரும்பாலும் ஒரே வாக்கியம். ஒலியைக் கூட்டினேன், காதோரம் மூச்சு விட்டாள். வசனக் கணக்குப்படி கல்லறைக் கல்லைப் புரட்டும் இடத்தில் மெல்லச் சிரித்தாள். முதுகு சில்லிட்டது. ஹெட்போனைக் கழற்றி எறிந்தேன். தரையில் கிடந்தபடியே அது கிசுகிசுத்துக்கொண்டிருந்தது.

ரூமில் தூங்கிக்கொண்டிருந்த காயல்பட்டினத்து நூர்தீன் காக்காவை (அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள்) எழுப்பினேன். அந்தக் குரலை மட்டும் வெட்டிக் கோத்து அவர் போனுக்கு அனுப்பினேன். கேட்டவர் முகம் வெளுத்துவிட்டது.

"மவுத்தாப்போனவங்க குரல் மாதிரில்லா இருக்கு! முதல்ல அழிச்சிரு. ஹலாஸ், முடிஞ்சுது!"

ஒரு மூச்சுகூட மிச்சமில்லாமல் துடைத்து, அவர்கள் பகிர்ந்திருந்த கோப்பின் மேலேயே சேமித்தேன். வெட்டியெடுத்த துண்டையும் என் பக்கம் அழித்தேன்.

மறுநாள் மொழிபெயர்ப்புக் குழுவின் பெண் ஒருத்தி அழைத்தாள். "அந்த அம்மா குரல் எங்கே?"

மொழிபெயர்த்ததை ஊர்க்காரர் ஒருவருக்கு வாசித்துக்காட்டி, அவர் சொல்லும் திருத்தங்களைப் பதிவுசெய்வது அவர்கள் வழக்கமாம். கிழவியின் மெலிந்த குரலைத் தெளிவாக்கத்தான் எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். வேறு பிரதி கிடையாது. கிழவி போன வாரம் இறந்துவிட்டாள்.

ஆக, இறந்தவர் குரல் என்று காக்கா சொன்னது சரிதான். செத்தவளை இரண்டாம் முறை கொன்றிருக்கிறேன். கட்டிலில் உட்கார்ந்து அழுதேன்.

"எதுக்குலே அழுத?" காக்கா போனை நீட்டினார். "நீ அனுப்புனது இதுலதான் கெடக்கு. பயத்துல நான் தொடவே இல்ல."

உடனே அனுப்பினோம். அதைக் கேட்டு அந்தப் பெண்ணும் அழுதாள், பிறகு சிரித்தாள். திரும்பத் திரும்ப வந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

"'அப்படி யாரும் பேசமாட்டாங்க'ன்னு அர்த்தம். எங்க மொழிபெயர்ப்பைத்தான் சொல்றாங்க."

வருடங்கள் கழித்து இப்போது ஊரில், வீட்டில் நான் எதையாவது பெருமையாக அளக்கத் தொடங்கினால், அந்தப் பதிவைக் கேட்டுப் பழகிய என் மனைவி பின்னால் வந்து, காதோரம் அதே வாக்கியத்தை நாவாட்லிலேயே கிசுகிசுக்கிறாள். பிள்ளைகள் சிரிக்கிறார்கள். எனக்கு இன்னும் முதுகு சில்லிடுகிறது.