உன் பெரியவர் இங்கேதான் இருக்கிறார்

என் செல்ல மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நான் நலம், வலது முழங்கால் நலம், இடது முழங்கால் மட்டும் என்னோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறது. நீயும் அந்தக் குளிரில் ஒழுங்காகக் காலுறை போட்டுக்கொண்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ என்னை எங்கே பேச விடுகிறாய். "மாத்திரை போட்டீங்களாப்பா, நடந்தீங்களாப்பா, பொய் சொல்லாதீங்கப்பா" என்று விசாரணை முடிவதற்குள் உனக்கு டியூட்டி நேரம் வந்துவிடுகிறது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

முக்கியமான விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதே. நீ இத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்த உன் பெரியவரை, செலவு கட்டுப்படியாகவில்லை என்று அவர்கள் அரசாங்கம் எங்கோ வெயில் அடிக்கிற நாட்டுக்கு அனுப்பிவிட்டது, எங்கே என்று கேட்டால் யாரும் வாயைத் திறப்பதில்லை, உன்னை இன்னும் மூன்று வருஷத்துக்கு வேறொரு முதியோர் இல்லத்தில் நர்ஸாகப் போடப் பார்க்கிறார்கள் என்று சொல்லி அழுதாய் அல்லவா. அழாதே. அவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். நேற்றுக்கூட என்னைத் திட்டினார்.

நம் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி அரசாங்க ஆஸ்பத்திரியில் முதியோர் பிரிவு இருந்ததே, என் முழங்காலுக்கு இலவசமாக ஒத்தடம் கொடுத்துப் பயிற்சி சொல்லித் தருவார்களே, அதை மூடிவிட்டார்கள். நம் அரசாங்கத்துக்குக் கடன் கொடுத்த வெளிநாட்டுக்காரர்கள் சிக்கனமாக இருக்கச் சொன்னார்களாம். சிக்கனத்தை எங்கே தொடங்குவது என்று தேடிப் பார்த்து என் முழங்காலில் தொடங்கியிருக்கிறார்கள். கட்டடத்தை ஏதோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டாயிற்று. இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. நான் வழக்கம்போல் காலை இழுத்துக்கொண்டு போனேன். கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது, உள்ளே ஏசி, சுவரில் புது வண்ணம். பரவாயில்லையே, அரசாங்கம் திருந்திவிட்டது என்று பூரித்துப்போய் ஒரு மெத்தை நாற்காலியில் உட்கார்ந்தேன். நீலச் சீருடை போட்ட ஒரு பெண் ஓடிவந்து மடியில் கம்பளி போர்த்தி, சூப் கொடுத்து, இடது காலைப் பிடித்துவிட ஆரம்பித்தாள். வந்திறங்கிய கூட்டத்தில் நானும் ஒருவன் என்று அவள் நினைப்பு. விமானக் களைப்பில் எனக்குப் பேச்சு வரவில்லை என்று பாவப்பட்டிருக்கிறாள். நானும் கால் சுகத்தில் வாயைத் திறக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால் சுற்றியிருந்த அத்தனை பேரும் வெளிநாட்டுக் கிழவர்கள்.

அப்போதுதான் மேலாளர் வந்து, "ஐயா, நீங்க எங்க பட்டியல்லயே இல்லையே, எப்படி உள்ள வந்தீங்க?" என்றார். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து, டிக்கெட் இல்லாதவர்கள் சொல்லுகிற சாக்குகளையெல்லாம் கேட்டுக் காது புளித்தவன் நான். சமயத்தில் அதில் ஒன்றுகூட வாயில் வந்து தொலையவில்லை. திருட்டு முழி முழித்துக்கொண்டு எழ முயன்றேன். இடது கால் ஒத்துழைக்கவில்லை. அந்த நேரம் பார்த்து மூலையிலிருந்து ஒரு குரல், "எழுந்திருங்கப்பா. நடங்கப்பா" என்றது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நெட்டையாக ஒரு வெளிநாட்டுக் கிழவர், உன் அதே இழுவையில், அதே அதட்டலில் பேசுகிறார். "மாத்திரை போட்டீங்களாப்பா?" என்று என்னைக் கேட்டார். பழக்க தோஷத்தில், "போட்டேன்மா" என்றேன். "பொய் சொல்லாதீங்கப்பா" என்றார்.

மேலாளர் என்னை விரட்டுவதை மறந்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். பெரியவர் வந்ததிலிருந்து யாரிடமும் பேசவில்லையாம், மாத்திரையைக் கொடுத்தால் துப்பிவிடுகிறாராம். அவர் மொழியில்தான் பேசவேண்டும் என்று கம்பெனி உத்தரவு. இவர்கள் அவசர வகுப்பில் கற்றுக்கொண்ட அந்த மொழி அவருக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. நம் மொழியில் நாலு அதட்டு அதட்டினால்தான் அவர் தொண்டையில் மாத்திரை இறங்கும் என்று நீ பழக்கி வைத்திருப்பது இவர்களுக்கு எப்படித் தெரியும். நான் போய் எதிரில் உட்கார்ந்து, "பேசாம முழுங்குங்க" என்றேன். சமர்த்தாக விழுங்கிவிட்டு என் சட்டைப்பையைக் காட்டினார். என் மாத்திரையை நானும் விழுங்கினேன். "ஐயா, தினம் வர முடியுமா?" என்று மேலாளர் கையைப் பிடித்துக்கொண்டார். இப்போது நான் அங்கே பேச்சுத் துணை. கழுத்தில் அட்டை, சம்பளம், ஊழியர் என்பதால் முழங்காலுக்கு ஒத்தடம்.

யோசித்துப் பார். அவரைக் கவனிக்க உன்னை அங்கே இழுத்தார்கள், அது கட்டாது என்று அவரை இங்கே தள்ளினார்கள், எனக்கு இருந்த இலவசத்தைப் பிடுங்கி அதே அறையில் என்னை வேலைக்கு வைத்திருக்கிறார்கள். பேப்பரில் இதை உலகமயமாக்கல் என்கிறார்கள். பெட்டிகளை இப்படி முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருப்பதை ரயில்வேயில் நாங்கள் ஷண்டிங் என்போம்.

உன் போட்டோவைக் காட்டினேன். அதை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு திருப்பித் தரமாட்டேன் என்கிறார். இங்கே நர்ஸ் வேலை காலி இருக்கிறது. "உங்க பொண்ணா இருந்தா நாளைக்கே வரச் சொல்லுங்க" என்கிறார் மேலாளர். சம்பளம் குறைவுதான், மறைக்கவில்லை. ஆனால் உன் அம்மா போன பிறகு இந்த வீட்டில் நான் ஒன்று கேட்டால் நானேதான் பதில் சொல்லவேண்டியிருக்கிறது. இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. இன்னும் மூன்று வருஷம் என்னால் முடியாதம்மா. கிளம்பி வந்துவிடு.

சளி பிடிக்காமல், மேற்பார்வையாளரிடம் வாய் கொடுக்காமல், சகல நலத்துடன் நீ வீடு வந்து சேர ஆசிகள்.

உன் அன்புள்ள அப்பா,
பேச்சுத் துணை (தற்காலிகம்)

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது மேலாளர் மூச்சிரைக்க வீட்டுக்கு வந்தார். அந்த நாட்டில் ஆட்சி மாறிவிட்டதாம். தங்கள் நாட்டுப் பெரியவர்களைப் பார்சல் கட்டி அனுப்பிவிட்டார்களே என்று அங்கே ஒரே ரகளையாம், எல்லோரையும் திரும்ப அழைத்துக்கொள்கிறார்கள். உன் பெரியவர் என்னை விட்டுவிட்டு விமானம் ஏறமாட்டேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டு அடம் பிடிக்கிறார். வேறு வழியில்லாமல் பேச்சுத் துணையையும் சேர்த்து அனுப்பச் சொல்லிவிட்டது அவர்கள் அரசாங்கம். டிக்கெட், விசா எல்லாம் அவர்கள் பொறுப்பு. உன்னைப் போடுவதாகச் சொன்னார்களே, அந்த இல்லத்தில்தான் எங்களையும் தங்க வைக்கிறார்களாம். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொண்டு உடனே கையெழுத்துப் போடு. தபாலை நம்பாமல் இதைப் படமெடுத்துப் போனிலேயே அனுப்புகிறேன். இனி அப்பாவைப் பார்க்க லீவு கேட்டு நீ யாரிடமும் நிற்க வேண்டாம், டியூட்டியிலேயே பார்த்துக்கொள்ளலாம்.