சால்வைக்காரனும் கருங்கல்லானும் சந்தித்தபோது

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அமல்தாஸ் தன் இடுப்பு போய்விட்டதாக அறிவித்தார். முந்தின நாளே எடுத்த முடிவு அது. இருபத்தாறு வருஷக் கல்யாண வாழ்க்கையில் மனைவியைக் கேட்காமல் அவர் எடுத்த முதல் முடிவு என்பதால், முனகல்கூடக் கொஞ்சம் கம்பீரமாகவே வந்தது.

விஷயம் இதுதான். தேயிலைத் தோட்டத்து லயத்தில் வரிசையாக ஆறு வீடுகள். பின்னால் ஓடும் சாக்கடையை எல்லோரும் லோங்காங் என்பார்கள். மாதம் ஒரு வீட்டார் என்று முறை வைத்து அதை வெட்டிவிட வேண்டும். மழை பெய்தால் மலை மண் அத்தனையும் அதில்தான் வந்து உட்காரும். விட்டுவைத்தால் அடுத்த மழைக்கு நேராக அடுப்படிக்கு வந்துவிடும். இந்த மாதம் அமல்தாஸ் வீட்டு முறை. மூன்று சனிக்கிழமைகளாகச் சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டவர், நாலாவதில் வசமாக மாட்டிக்கொண்டார்.

அதே நாள் மத்தியானம் இரண்டு மணிக்கு, மலையிறங்கி இரண்டு மணி நேரம் போக வேண்டிய ஈப்போ டவுனில் அவருக்கு ஒரு மேடை காத்திருந்தது. பழைய டிவி தொடர்களின் ரசிகர்கள் கூடுகிறார்கள். ஒரு தொடரின் வீரன் இன்னொரு தொடருக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்று ஆளுக்கொரு கதை சொல்ல வேண்டும். அமல்தாஸ் பெயர் கொடுத்துவிட்டார். அதற்கு அவரைவிடத் தகுதியான ஆள் இந்த மலையிலேயே கிடையாது.

அவர் சின்னப் பையனாக இருந்தபோது வியாழக்கிழமை டிவியில் ஒருத்தன் பறப்பான். முதுகில் நீளமாகத் துணி தொங்கும். பொன்னாடை போர்த்தின தலைவர் மாதிரி இருந்ததால் லயத்தில் அவனுக்குச் சால்வைக்காரன் என்று பெயர். சனிக்கிழமை வேறு சேனலில் வேறொருத்தன் வருவான். பறக்கத் தெரியாது, ஆனால் பாறையை வெறுங்கையால் உடைப்பான். அவன் கருங்கல்லான். 'நடுவுல வெள்ளிக்கிழமை ரெண்டு பேரும் சும்மாதானே இருப்பானுங்க, பாத்துக்கிட்டா என்ன?' என்று பத்து வயது அமல்தாஸ் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. அவரே சொல்ல ஆரம்பித்து, ஐம்பத்திரண்டு வயதாகியும் இன்னும் முடிக்கவில்லை. தேயிலை ஃபேக்டரியில் இலை காய்வதற்குள் இரண்டு பேரையும் ஒரு தடவை சந்திக்க வைத்துவிடுவார். உலர்த்தும் மெஷின் பக்கத்தில் வேலை செய்கிற பாவப்பட்டவர்களுக்குத் தப்ப வழியே இல்லை.

வீட்டில் ரோஸ்மேரியிடமும் சொல்வார். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே 'ம்' கொட்டுவாள். அந்த 'ம்' கதைக்கா வெங்காயத்துக்கா என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. அதனால்தான் ஈப்போ சங்கதியை அவளிடம் மூச்சுவிடவில்லை. லோங்காங்கை வெட்டிவிட்டுப் போங்கள் என்பாள், வேறென்ன சொல்லப்போகிறாள்?

திட்டம் பக்காவாக இருந்தது. பக்கத்து ஊரான திரிங்காப்பில் காய்கறி வேன் ஓட்டும் டொமினிக் ஒன்பது மணிக்கு வருவான். தானா ராத்தா டவுன் கிளினிக்குக்கு என்று சொல்லி ஏறிக்கொள்ள வேண்டியது. வேன் வளைவு திரும்பியதும் இடுப்பு தானாகச் சரியாகிவிடும். ரகசியம், ரகசியம் என்று டொமினிக்கிடம் நேற்றே வாசலில் நின்று போனில் மூன்று தடவை சொல்லியாயிற்று.

"ரொம்ப வலிக்குதாங்க?" என்றாள் ரோஸ்மேரி.

"உசிரு போவுது."

"எந்தப் பக்கம்?"

அதை அவர் யோசித்து வைக்கவில்லை. "ரெண்டு பக்கமும்."

"பாவம். பேசாமப் படுங்க. நானே வெட்டிக்கிறேன் லா."

தைலம் தேய்த்தாள். சுடச்சுடத் தேத்தண்ணி வைத்தாள். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். இவ்வளவு சுலபமாகப் போகும் என்று அமல்தாஸ் எதிர்பார்க்கவே இல்லை. மனசு கொஞ்சம் குறுகுறுத்தது. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

படுக்கைக்கு நேர் மேலே ஜன்னல். அதற்கு வெளியேதான் லோங்காங். பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு வாளியோடு ஒத்தாசைக்கு வந்த சத்தம் கேட்டது. வேலை செய்கிற அலுப்புத் தெரியாமல் இருக்க எங்கள் வீட்டுக்காரர் கதை ஒன்று சொல்கிறேன் அக்கா என்று ரோஸ்மேரி ஆரம்பித்தாள். அமல்தாஸ் காதைத் தீட்டிக்கொண்டார். மலை சரிந்து ஒரு ஊர்மேல் மண் இறங்கி வருகிறது. ஒரே நேரத்தில் இரண்டு வீரர்களும் வந்து நிற்கிறார்கள். அட, ஈப்போவில் சொல்லப்போகிற அதே கதை. அடிப்பாவி, எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். போர்வையை விலக்கிவிட்டு ஜன்னலோரம் நகர்ந்தார்.

"அப்புறம்?" என்றாள் அம்மாக்கண்ணு.

"அப்புறமென்ன அக்கா, சால்வைக்காரன் ஒரு ஊது ஊதுனான். மண்ணெல்லாம் பறந்துருச்சு."

"கருங்கல்லான்?"

"அவன் ஓரமா நின்னு சால்வைய மடிச்சுக் குடுத்தான்."

தனக்கும் அவன் கொஞ்சம் மந்தமான ஆள் என்றுதான் ரொம்ப நாளாகத் தோன்றியது என்றாள் அம்மாக்கண்ணு.

நாற்பத்திரண்டு வருஷமாக நெஞ்சில் வைத்துத் தாங்கிய கருங்கல்லான் துணி மடிப்பதா? அமல்தாஸுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. கதவைச் சுற்றி வர நேரமில்லை. தைல வாசனையோடு ஜன்னல் வழியாகவே குதித்தார்.

"ஈர மண்ண ஊதித் தள்ள முடியுமா? தோட்டத்துல பொறந்தவதானே நீ?"

"அப்ப எப்படிங்க?" என்றாள் ரோஸ்மேரி.

"வெட்டணும். அதுவும் மேல இருந்து வெட்டுனா தண்ணி சுத்தி நிக்கும். கீழ இருந்து வெட்டிக்கிட்டே மேல ஏறணும். கருங்கல்லான் அப்படித்தான் ஏறுனான்."

"புரியலையே."

"குடு அந்த மண்வெட்டிய."

அப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. சரிவில் கீழே இருக்கும் ஆறாவது வீட்டுக் கோடிக்கு ஓடினார். கருங்கல்லானாக இறங்கி வெட்டினார். மண்ணைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட வேண்டியது சால்வைக்காரனாயிற்றே, அதனால் வாளியைத் தூக்கிக்கொண்டு அவரே பறந்தார். ஐந்தாவது வீட்டு ராமையா குடும்பத்தார் நாற்காலி எடுத்துப்போட்டு உட்கார்ந்தார்கள். எங்காவது அவர் கை ஓய்ந்தால், இரண்டாவது சரிவு வரவில்லையா என்று ரோஸ்மேரி சந்தேகம் கேட்பாள். உடனே வரும். நாலாவது வீட்டருகே ஒரு கல் பெயர்ந்தபோது மொத்த லயமும் கைதட்டியது. கடைசியில் இரண்டு வீரர்களும் கைகுலுக்கிய இடத்தில் அமல்தாஸுக்கே கண் கலங்கிவிட்டது. அன்றைக்கு இருந்த சந்தோஷம் அவருக்குக் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

முதல் வீட்டிலிருந்து ஆறாவது வீடு வரைக்கும் தண்ணீர் சலசலவென்று ஓடியது. அப்போதுதான் இடுப்பு ஞாபகம் வந்தது. அவசரமாகக் கையை வைத்துப் பிடித்துக்கொண்டார். அடுத்தபடியாக ஈப்போ ஞாபகம் வந்தது. மணி பதினொன்று. ஒன்பது மணி வேனைக் காணவே இல்லை. மேடை போயிற்றே என்று சேறும் சகதியுமாக அப்படியே உட்கார்ந்துவிட்டார். அழுகைதான் வரவில்லை.

ரோஸ்மேரி வெந்நீரும் இஸ்திரி போட்ட சட்டையும் எடுத்துக்கொண்டு வந்தாள். வாசலில் ஹாரன் கேட்டது. டொமினிக் சாவகாசமாக இறங்கி வந்தான். ஒன்பது மணி என்று படித்துப் படித்துச் சொன்னேனே என்று அமல்தாஸ் அவன்மேல் பாய்ந்தார்.

டொமினிக் தலையைச் சொறிந்தான். "நீங்க ஒம்பதுன்னுதான் சொன்னீங்க அண்ணே. அண்ணிதான் நேத்து போன் பண்ணி, அவரு லோங்காங் வெட்டி முடிக்கப் பதினொண்ணு ஆயிரும், அதுக்கப்புறம் வான்னாங்க."