அச்சுச் சாமிக்கு அனுமதி இல்லை

"இதை எடுக்க முடியாதுக்கா. மில்லு காலண்டர் படம். லட்சம் அடிச்சிருப்பாவ."

"ஏட்டி, சாமியப் பாத்தா வேண்டாங்க?"

முத்தாத்தாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். முருகன் படத்தை மேசையில் வைத்துவிட்டு, திரும்பிப் பாராமல் ராஜபாளையம் பஸ் ஏறிப் போயே போய்விட்டாள்.

பாண்டிசெல்விக்குத் தலை கிறுகிறுத்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்லூரி ஒன்றில் வரலாறு நடத்துகிறவள். கல்லூரி அறை ஒன்றில் தொடங்கிய பாரம்பரியக் கூடத்துக்குப் பழைய வழிபாட்டுப் பொருள்கள் தாருங்கள் என்று அறிவித்தாள். அதுதான் அவள் செய்த பாவம். வெண்கல விளக்கு வரும் என்று பார்த்தால் காலண்டராக வந்து குவிந்தது. வெள்ளிக்கிழமை மதுரை அதிகாரி வந்து பார்த்துச் சரி என்றால்தான் கூடம் நிலைக்கும். இல்லையென்றால் உடைந்த பெஞ்சுகளைப் போட்டுவிடுவார்கள். நாயாய் அலைந்து வாங்கிய அறை!

'அச்சுப் படங்கள் ஏற்கப்படாது' என்று பலகை வைத்தாள். மறுநாள் பிளாஸ்டிக் பிள்ளையாரும், மணிக்கொரு தரம் மந்திரம் சொல்லும் கடிகாரமும் வந்தன.

'முப்பது வருஷம் கும்பிட்டவை மட்டும்' என்று மாற்றினாள். போச்சு! போன வருஷத்துப் படத்துக்கெல்லாம் சூடப்புகை காட்டிக் கறுப்பாக்கிக் கொண்டுவந்தார்கள்.

கண்ணாடிக் கடை பிச்சை முகம்மது ஆட்டோவில் வந்து இறங்கினார்.

"பிரேம் போடக் குடுத்துட்டு, வாங்க வராத படம்மா இம்புட்டும். சாமியாச்சே, எனக்கும் குப்பையில போட மனசு வரல. ஆத்துல விடலாம்னா தண்ணியில்ல. கோயில் மரத்தடியில வைக்கக் கூடாதுன்னு போர்டு மாட்டிட்டாவ. நீங்கதான் கதி."

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. ஊரே பாவம் சேராமல் வீட்டை ஒழிக்க வந்திருக்கிறது!

கூடத்தைப் பூட்டினாள். படங்கள் வாசற்படியில் குவிந்தன. ஒருத்தி விளக்கேற்றிவிட்டுப் போனாள். அடுத்தவள் பொங்கல் வைக்க இடம் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் உள்ளே அள்ளிக் குவித்தாள். அதிகாரி வந்தார். டிரைவர் வல்லரசு வாசலில் நிற்க, அவர் மட்டும் உள்ளே போய்க் குவியலைச் சுற்றி வந்தார். பாண்டிசெல்வி பின்னாலேயே நடந்தாள்.

"எல்லாம் அச்சுதானே?"

"ஆமா சார்." பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. "லட்சம் அடிச்சாலும் அவிய அவிய வீட்டுல அது ஒண்ணுதான் சார். யாருக்கும் தூக்கிப்போட மனசு வரல."

அதிகாரியின் முகம் மலர்ந்துவிட்டது.

"அதுதாம்மா பாரம்பரியம்! யார் எதைக் கொண்டுவந்தாலும் வேண்டாம்னு சொல்லாதீங்க. கூடம் உங்களுக்குத்தான்."

அங்கேயே கையெழுத்தும் போட்டார். அப்பாடா! அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அப்படியே நாற்காலியில் சாய்ந்தாள்.

வல்லரசு தலையைச் சொறிந்தபடி எட்டிப் பார்த்தான்.

"அப்ப டிக்கியில இருக்கிற உங்க வீட்டுச் சாமி படத்தையெல்லாம் இறக்கிரவா சார்? திருப்பிக் கொண்டாந்தா உங்கள வீட்டுக்குள்ள விட மாட்டேன்னு அம்மா சொன்னாவல்லா!"