கோடியக்கரையில் நிமிர்ந்து நின்ற தேங்காய்

எங்கள் பாப்பாவுக்கு மானும் பூநாரையும் காட்ட வேண்டும். அன்றைக்கு வேலை அவ்வளவுதான். அதற்காகத் திருச்செங்கோட்டிலிருந்து கோடியக்கரைக்குக் கார் எடுத்துக்கொண்டு போனோம்.

நான் பயந்தாங்கொள்ளி. சரணாலயத்தில் குதிரை வந்தால் பயம். குரங்கு வந்தால் பயம். கொண்டுபோன தண்ணீரைப் பாப்பா குடித்துத் தீர்த்துவிட்டாள், அதற்கும் பயம்!

சோழர் காலத்துக் கலங்கரை விளக்கத்தின் செங்கல் இடிபாட்டுக்குப் பக்கத்தில் நின்று வீட்டுக்காரரிடம் புலம்பினேன். "ஏனுங்க, இந்தப் பக்கம் நல்ல தண்ணியே கெடைக்காதுங்களா?"

கேட்டிருக்கவே கூடாது. அவருக்கு ரிக் வண்டித் தொழில். போர்வெல் போட இடம் பார்த்துச் சொல்கிறவர்.

"பாத்துட்டாப் போச்சு!"

கோயிலுக்கென்று காரில் வைத்திருந்த தேங்காயை எடுத்தார். உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு நடந்தார். அடியில் தண்ணீர் இருந்தால் தேங்காய் நிமிர்ந்து நிற்கும். எங்கள் ஊரில் இது தினப்படி காட்சி.

இடிபாட்டுக்குப் பத்தடி முன்னால் நிமிர்ந்தது!

நான் சும்மா இருந்தேனா? கத்தினேன். "எத்தன அடி தோண்டோணுமுங்க?"

பின்னாலிருந்து ஒரு குரல். "எதைம்மா தோண்டப் போறீங்க?"

வனக்காவலர்!

"இங்க ஒரு செங்கல்லைத் தொட்டாலே கேஸு, தெரியும்ல?"

கான்வென்ட்டில் படித்தவளுக்கு ஒரு வியாதி. யார் அதட்டினாலும் செய்யாத தப்பையும் ஒப்புக்கொள்வாள். கையைக் கட்டிக்கொண்டு சொன்னேன். "சாரி சார். இனிமே தோண்ட மாட்டோம் சார்."

"இனிமேலா? அப்ப இதுக்கு முன்னாடி?"

"அவரு தமிழ்நாடு பூரா தோண்டிருக்காருங்க! ஆந்திராவுல கூட..."

வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

"புதையல் கோஷ்டியா? ஏறுங்க ஜீப்புல."

ஜெயிலில் பாப்பாவுக்குப் பால் கொடுப்பார்களா என்று யோசித்துக்கொண்டே போனேன்.

வனத்துறை ஆபீசில் ரேஞ்சர், என் வீட்டுக்காரரின் போனில் ரிக் வண்டி போட்டோக்களைப் பார்த்தார். பாதிதான் நம்பினார். "நடந்ததை எழுதி, மன்னிப்புக் கேட்டுக் கையெழுத்துப் போடுங்கம்மா. படிச்சுட்டுதான் கேஸா இல்லையான்னு சொல்வேன்."

அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் போட்டு எழுதி நீட்டினேன்.

கடைசி வரிக்கு வந்ததும் ரேஞ்சர் வாய்விட்டுச் சிரித்தார். "கூட்டிட்டுக் கெளம்புங்க சார். இவங்களாவது, புதையலாவது!"

காரில் ஏறியதும் வீட்டுக்காரர் கேட்டார். "அப்படி என்னத்தப் புள்ள எழுதுன?"

"இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி, எட்டாம் வகுப்பு, பி செக்‌ஷன்."